மண் சூடானால் முட்டைக்கு என்ன ஆகும்?

போன வருஷம் ஏப்ரல் 9. பங்குனி முடிய நாலைந்து நாள்தான் பாக்கி. நவரை அறுவடை முடிந்து, சொர்ணவாரிக்கு அடியுரம் போட வேண்டும். வரப்போரம் எட்டு மாதமாக மட்கிக் கிடந்த எருக்குவியலை மண்வெட்டியால் கொத்தி இழுத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே வெள்ளையாக ஏதோ உருண்டது. பிளாஸ்டிக்தான் என்று நினைத்தேன். எங்கள் சிறுசேரியில் எங்கே தோண்டினாலும் முதலில் வருவது அதுதான். கையில் எடுத்தால், தோல் மாதிரி மெத்தென்று ஒரு முட்டை. தோண்டத் தோண்ட மொத்தம் பதினொன்று. நாலு முட்டை மண்வெட்டி பட்டுக் கிழிந்துவிட்டது. மீதி ஏழையும் ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் துடைத்து, கூடையில் அடுக்கிவிட்டு, ஏதோ பெரிய புண்ணியம் செய்தவன் போல நின்றேன்.

நம்ம நிலத்துக்கு வேலைக்கு வரும் இருளர் பெரியவர் ஒருவர் உண்டு. சின்ன வயதில் பாம்பு பிடித்தவர். அவர் வந்து கூடையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்னா ஐயா இது, இப்பிடி உருட்டி வச்சிட்டீங்களே! சாரை முட்டை. எது மேல இருந்துது, எது கீழ இருந்துதுன்னு இனிமே எப்பிடித் தெரியும்?”

கோழி முட்டைப் பழக்கத்தில் செய்த தப்பு அது. கோழி தன் முட்டையைத் தானே அடிக்கடி புரட்டிவிடும். ஊர்வனவற்றின் கதை வேறு. ஆமை, முதலை முட்டைகளில், இட்ட ஒன்றிரண்டு நாளிலேயே கரு முட்டையின் மேல்பக்கம் ஓட்டின் உள்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் புரட்டினால் கரு செத்துப்போகும். பாம்பு முட்டை கொஞ்சம் தாங்கும் என்றாலும், அதையும் கிடந்தது கிடந்தபடி விடுவதுதான் முறை. அவசியம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு எடுக்க வேண்டும். ஏழு முட்டையையும் பழைய எருவிலேயே புதைத்து வைத்தோம். ஜூனில் தோண்டிப் பார்த்தபோது, உள்ளிருந்து கீறித் திறந்த ஓடு இரண்டு கிடைத்தது. மற்ற ஐந்தும் பூஞ்சை பிடித்துக் கருகியிருந்தன.

நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தது அன்றைக்குப் பெரியவர் சொன்ன இன்னொரு பேச்சுக்காக. “எங்க காலத்துல சித்திரையில எரு அள்ளி முடிச்சப்புறம்தான் இதுங்க முட்டைக்கே வரும். இப்ப எல்லாம் முந்திக்கிதுங்க ஐயா.”

முப்பத்தாறு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். ஒருத்தர் வாய்ச்சொல்லை வைத்து லோன் சாங்ஷன் பண்ணுகிற பழக்கம் கிடையாது. ஆனாலும் அவர் சொன்னது மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. தமிழ் மாதம் சூரியனை வைத்து வருகிறது. பங்குனி என்றால் எல்லா வருஷமும் அதே பருவம்தான். ஆகவே ஒரு பெரியவர் மாதத்தைச் சொல்லி “முந்திக்கிச்சு” என்றால் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வெளியே உள்ள சூடுதான் உள்ளே உள்ள கடிகாரம்

நமக்கு வெளியே 20 டிகிரி என்றாலும் 40 டிகிரி என்றாலும் உடம்புக்குள் 37. பாம்புக்கும் ஓணானுக்கும் அந்த வசதி இல்லை. மண்ணும் வெயிலும் தருகிற சூடுதான் அதன் உடம்புச் சூடு. தாங்கும் எல்லைக்குள் சூடு 10 டிகிரி ஏறினால் அதன் உடம்புக்குள் நடக்கும் வேலை ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்கு வேகமாகும். இரை செரிப்பது, கரு வளர்வது, சேர்த்து வைத்த கொழுப்பு கரைவது எல்லாமே. அதனால்தான் ஒரே வகை ஆமை முட்டை குளிர்ந்த மணலில் 60 நாள் எடுத்துக்கொள்கிறது, சூடான மணலில் 45 நாளிலேயே பொரிந்துவிடுகிறது.

இணை சேர்வது, முட்டையிடுவது, குஞ்சு வெளிவருவது என்று மூன்று தேதிகள் இருக்கின்றன. சூடு ஏறினால் மூன்றும் நகரும், ஆனால் ஒரே அளவில் நகராது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அட்லாண்டிக் கரையோரம் முட்டையிட வரும் கடலாமைகளை 1989 முதல் 2003 வரை 15 வருஷம் கணக்கெடுத்தார்கள். கடல்நீர் சூடாகச் சூடாக, ஆமைகள் கரையேறும் தேதி சுமார் 10 நாள் முன்னால் வந்துவிட்டது. 15 வருஷத்தில் 10 நாள். நம்ம பஞ்சாங்கத்தில் ஒரு நட்சத்திரம் தள்ளிப்போனாலே கல்யாணத்தை நிறுத்துகிறவர்கள் நாம்!

நம்ம கரைக்கு வருகிற ஆமையின் பேரிலேயே தேதி இருக்கிறது. ஆலிவ் ரிட்லி என்று புத்தகத்தில் போடுகிறார்களே, அதற்கு நம்ம மீனவர்கள் வைத்த பேர் பங்குனி ஆமை. கோவளம், நீலாங்கரை, பெசன்ட் நகர் கரைகளில் தை தொடங்கி பங்குனி வரை ராத்திரியில் கரையேறி, மணலில் குழி பறித்து நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போகும். 1970களில் மெட்ராஸ் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் இந்தக் கரையில் ராத்திரி நடந்து ஆமைக் கூடுகளைத் தேட ஆரம்பித்தார்கள். 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அந்த நடையைத் தொடர்கிறது. கூட்டைக் கண்டால் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். மார்கழிப் பனியில் தொடங்கி வருஷா வருஷம் கரையில் நடந்து, எந்தத் தேதியில் எத்தனை கூடு என்று குறித்து வைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு, நிலுவையில்லாமல் கணக்கு எழுதியவன் என்ற முறையில் என் வணக்கம்.

சூடு முடிவு செய்யும் ஆணும் பெண்ணும்

தேதி நகர்ந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் என் நிலத்திலிருந்து ஸ்கூட்டரில் அரை மணி தூரத்தில், வடநெம்மேலியில் இருந்தது. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய மெட்ராஸ் முதலைப் பண்ணை. பேரப்பிள்ளைகளோடு பத்துத் தடவை போயிருப்பேன். அங்கே நன்னீர் முதலை முட்டைகளை வெவ்வேறு சூட்டில் அடைவைத்துப் பார்த்த ஆய்வு 1989இல் வெளிவந்தது என்று அப்போதெல்லாம் எனக்குத் தெரியாது. 28 முதல் 31 டிகிரி வரை மாறாத சூட்டில் வைத்த முட்டைகளில் எல்லாமே பெண். 32.5 டிகிரியில் எல்லாமே ஆண். இரண்டுக்கும் நடுவிலும், 33 டிகிரியிலும் இரண்டும் கலந்து. ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் ஒரு குடும்பமே ஆணா பெண்ணா என்பது மாறிவிடுகிறது.

முதலைக்கும் ஆமைக்கும் நம்மைப் போல ஆண் பெண்ணைப் பிரிக்கும் தனிக் குரோமோசோம் கிடையாது (ஒருசில ஆமை வகைகள் விதிவிலக்கு). அடைகாலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கு நாட்களில் கருவைச் சுற்றி என்ன சூடு இருக்கிறதோ, அதுதான் முடிவு செய்கிறது. பெண் சுரப்பை உண்டாக்கும் ஒரு நொதி அந்தச் சூட்டுக்குத் தகுந்தபடி கூடுதலாகவோ குறைவாகவோ வேலை செய்கிறது. முதலைக்குச் சூடு கொஞ்சம் ஏறினால் ஆண். ஆமைக்கு அப்படியே தலைகீழ்: பங்குனி ஆமையின் கூடு சுமார் 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள்தான் கூடும். இன்னும் ஏறி 35ஐத் தொட்டால் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, முட்டை வெந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த பச்சை ஆமைகளைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். வயது வந்த ஆமைகளில் பெண் சுமார் 87 சதவீதம். இளம் ஆமைகளில் 99 சதவீதம். ஒரு தலைமுறைக்குள் ஆணே இல்லாத நிலைமைக்கு வந்துவிட்டது அந்தக் கரை.

இப்போது தேதிக்குத் திரும்பி வாருங்கள். தை மாதம் இட்ட முட்டையும் பங்குனி கடைசியில் இட்ட முட்டையும் பார்க்கும் மணல் ஒன்றல்ல. சூடு ஏறும்போது தாய் பத்து நாள் முன்னால் வந்து முட்டையிட்டால், பிள்ளைக்குக் கொஞ்சம் குளிர்ந்த மணல் கிடைக்கும். தேதியை முன்னால் தள்ளுவது அந்த ஜீவன் கையில் இருக்கும் ஒரு மருந்து. அந்த மருந்துக்கும் ஓர் அளவு உண்டு. இரை, நீரோட்டம், மழை எல்லாம் ஒத்து வரவேண்டுமே.

பாம்புக்கு வேறு கணக்கு

நம்ம வயலில் வேலை செய்கிற பாம்புகளுக்கு இந்த ஆண் பெண் சிக்கல் இல்லை. பாம்புக்குக் குரோமோசோம்தான் முடிவு செய்கிறது. ஆனால் தேதிச் சிக்கல் முழுசாக உண்டு.

ஊர்வன ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பாகுபாடு செய்கிறார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அசல் வங்கிப் பாஷை. சில ஜீவன்கள் ‘முதல் வைத்து’ இனம் பெருக்கும், சில ‘வருமானத்தில்’ இனம் பெருக்கும். விரியன் வகைப் பாம்புகள் பல முதல் ரகம்: மாதக்கணக்கில் எலி தின்று கொழுப்பாக டெபாசிட் போட்டு வைத்து, போதுமான இருப்பு வந்தால்தான் குட்டி போடும். இருப்பு குறைந்தால் அந்த வருஷம் ‘நில்’. சின்ன அரணை, பல்லி வகைகள் பல இரண்டாவது ரகம்: அன்றாடம் பிடிக்கிற பூச்சியை வைத்தே முட்டை. சூடு ஏறினால் உடம்பை ஓட்டுகிற அன்றாடச் செலவு ஏறுகிறது. வட்டி விகிதம் ஏறிய கடன்காரன் மாதிரி, அதே வருமானத்தில் மிச்சம் பிடிப்பது குறைகிறது.

செலவு ஏறுவதோடு வருமான நேரமும் குறைகிறது என்பதை மெக்சிகோவில் கண்டுபிடித்தார்கள். முன்பு முள்பல்லிகள் இருந்ததாகப் பதிவான 200 இடங்களை மறுபடி போய்ப் பார்த்தார்கள். 2010இல் அது ஆய்வாக வந்தது. 12 சதவீத இடங்களில் பல்லி இல்லை. காட்டை யாரும் அழிக்கவில்லை. வெயிலில் வெந்து செத்ததாகவும் தெரியவில்லை. சினைப் பருவத்தில் வெயில் தாங்காமல் பொந்துக்குள் ஒதுங்கும் மணிநேரம் கூடிவிட்டது. வெளியே வந்து பூச்சி பிடிக்க நேரம் இல்லாத தாய்க்குப் பிள்ளை எங்கிருந்து வரும்? உச்சி வெயிலில் நாற்று நட ஆள் வராத மாதிரிதான் இதுவும்.

ஓணான் இன்னும் கெட்டிக்காரன். அதன் கழுத்து சிவக்க ஆரம்பித்தால் மழை எங்கேயோ கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பெண் ஓணான் ஈர மண்ணில் குழி பறித்துத்தான் முட்டையிடும். முட்டை ஈரத்தை உறிஞ்சி வளர வேண்டும். தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்: இடம் சரிப்படவில்லை, மழை வரவில்லை என்றால் பெண் ஓணான் முட்டைகளை மாதக்கணக்கில் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும். கருவும் ஒரு கட்டத்தோடு வளராமல் காத்திருக்கும். மழை பெய்து மண் பதமானதும் இறக்கிவைக்கும். விதை நெல்லைப் பானையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிற மானாவாரி விவசாயிதான் அது.

சிக்கலின் முடிச்சு இங்கே இருக்கிறது. சூடு ஒரு தேதி சொல்கிறது, மழை வேறு தேதி சொல்கிறது. சூடு சீராக ஏறிக்கொண்டே போகிறது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி உயர்ந்ததாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் வருஷ அறிக்கை சொல்கிறது. மழைக்கு அப்படி ஒழுங்கான போக்கு இல்லை. சூட்டை நம்பி முந்தி முட்டையிட்டவை, குஞ்சு வரும்போது தவளையும் பூச்சியும் இல்லாத காய்ந்த வயலைப் பார்க்கும். மழையை நம்பிக் காத்திருப்பவை, வெந்த மண்ணில் முட்டையிட வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக ஒரு தேதி இருக்கிறது. அது நம்முடையது. செங்கல்பட்டு மாவட்டத்தில் நவரை பங்குனி, சித்திரையில் அறுக்கிறோம், சித்திரையில் சொர்ணவாரிக்கு எரு அள்ளுகிறோம், வரப்பு வெட்டுகிறோம், வைக்கோலை இழுக்கிறோம். ஏரித் தண்ணீரும் மின்சார மோட்டாரும் வகுத்துக் கொடுத்த தேதி அது. பாம்பைக் கேட்டு வகுத்ததல்ல. நாம் எருவை அள்ளி முடித்த பிறகு சாரை முட்டையிட்டால் அடுத்த குவியலில் அது பத்திரம். பதினைந்து நாள் முந்திவிட்டால், என் மண்வெட்டிக்கு நேரே வந்து கிடக்கிறது. அன்று எருக்குவியலில் நடந்தது அதுவாக இருக்கலாம். ஒரே ஒரு கூட்டை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வங்கியில் ஒரு மாத பேலன்ஸை வைத்துக் கடைக்காரனின் தரத்தை முடிவு செய்வதில்லை. ஆனால் மோதல் எங்கே வரும் என்பது மட்டும் கண்ணுக்கு நேரே தெரிந்துவிட்டது.

இதில் நம்ம உயிரும் இருக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருஷத்துக்கு சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக 2020இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பருக்குள். கண்ணாடி விரியன் பெரும்பாலும் மே முதல் ஜூலைக்குள் இருபது முப்பது குட்டி போடும். பிறந்த அன்றே விஷம் உண்டு. குட்டிகள் வரும் வாரமும் நாம் களைக்குக் குனியும் வாரமும் எப்படி நகர்ந்து சேருகின்றன என்பது வெறும் விலங்கியல் பாடம் இல்லை. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது. மருத்துவமனைப் பதிவுகள் சேரச் சேர, கடிபட்ட தேதிகளும் சேரும். பாம்பு இல்லாமலே போனால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் சம்பா கதிர் பிடிக்கும்போது எலி வெட்டிய வயலை ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

நம்மால் ஆனது

வானத்துச் சூட்டை நான் குறைக்க முடியாது. என் பக்கத்திலேயே சிப்காட் கண்ணாடிக் கட்டடங்கள். பகலில் குடித்த வெயிலை சிமெண்ட் ராத்திரி பத்து மணி வரை உமிழ்கிறது. ஆனால் முட்டை கிடப்பது வானத்தில் இல்லை, அரை அடி ஆழத்து மண்ணில். போன மே மாதம் ஒரு மதியம் இரண்டு மணிக்கு மண் வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன். வெறும் தரையில் இரண்டு விரற்கடை ஆழத்தில் 47 டிகிரி. பத்தடி தள்ளி, வாழைச் சருகும் வைக்கோலும் மூடாக்காகக் கிடந்த இடத்தில் அதே ஆழத்தில் 34. பதின்மூன்று டிகிரி! நம்மாழ்வார் ஐயா மூடாக்கு மூடாக்கு என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னது மண்புழுவுக்கும் ஈரத்துக்கும் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

தாய்ப்பாம்பு இடம் தேர்ந்தெடுத்துத்தான் முட்டையிடுகிறது. தேர்ந்தெடுக்க நாலு விதமான இடம் வேண்டும்: கொஞ்சம் வெயில், கொஞ்சம் நிழல், ஈரம், ஆழம். நல்லபாம்பு முட்டையிடுகிற கறையான் புற்று, உள்ளே சூடும் ஈரமும் அதிகம் ஏறி இறங்காத இடம். ஜேசிபி வைத்துத் தள்ளுவதற்கு முன் யோசியுங்கள். வரப்புப் புல்லைக் கொளுத்தாதீர்கள். ஐரோப்பாவில் குளிர்நாட்டுப் புல்பாம்புகள் விவசாயிகளின் சாணக் குவியலின் சூட்டை நம்பித்தான் முட்டையிடுகின்றன. நமக்கு வேண்டியது நேர் எதிர், ஆறிப்போன பழைய குவியல். புதுக் குவியலின் சூடு 60 டிகிரி வரை போகும், அதை எந்தப் பாம்பும் தொடாது. ஆகவே இப்போது நான் இரண்டு குவியல் வைக்கிறேன். ஒன்று மாசிக்குள் முழுசாக அள்ளி, வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுவேன். இன்னொன்று மாசியிலிருந்து ஆடி வரை யாரும் கை வைக்கக் கூடாது.

இன்னொரு காரியம், நோட்டு. நீளவாட்டு லெட்ஜர் ஒன்று வாங்கி, கண்ணில் பட்ட நாளைக் குறிக்கிறேன். ஓணான் கழுத்து முதலில் சிவந்த நாள், சாரை பின்னிப் பிணைந்து நின்ற நாள், சட்டை கிடைத்த நாள், முட்டை, குஞ்சு, முதல் கோடைமழை. தமிழ் மாதம் ஒரு பத்தியில், ஆங்கிலத் தேதி ஒரு பத்தியில், மண் சூடு ஒரு பத்தியில். மூன்று பத்திக்கு மேல் போட்டால் நானே எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அப்பா, தாத்தா எழுதிய பண்ணைக் கணக்கு நோட்டுகள் பரணில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். “இன்று வரப்பு வெட்டுகையில் பாம்பு முட்டை” என்று ஒரு வரி கிடைத்தால்கூட அது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு என்ட்ரி. நிலத்தில் வேலை செய்யும் பெரியவர்களிடம் மாதத்தைச் சொல்லிக் கேட்டு எழுதி வையுங்கள். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆட்கள் மனதில் வைத்திருக்கிற தேதிகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இந்த வருஷம் மார்ச் 27, பங்குனி 13. தொடாமல் விட்ட குவியலின் ஓரத்தில் ஈரச் சருகு கலைந்திருந்தது. பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோண்டாமல், மோந்து மட்டும் பார்த்துவிட்டு, “இருக்குது ஐயா, விட்டுடுங்க” என்றார். மாசியில் அள்ளிய எரு அரை ஏக்கருக்குத்தான் காணும். சொர்ணவாரிக்கு மீதி எருவைக் கேளம்பாக்கம் பக்கத்திலிருந்து இரண்டு டிராக்டர் லோடு விலைக்கு வாங்கினேன். வீட்டுக்காரி செலவு நோட்டில் அதற்கு நேரே ‘பாம்புக்கு’ என்று எழுதி வைத்திருக்கிறாள். ஜூன் முதல் வாரத்தில் குவியலின் மேலே கீறின ஓடுகள் ஒன்பது எண்ணினேன். லெட்ஜரில் ஏறிவிட்டது.